பல் மருத்துவத்துக்குப் பயப்படுபவர்களுக்கு மயக்கம் கொடுத்துச் சிகிச்சை: என்னென்ன வழிகள், எது யாருக்கு?

கேள்வி இதுதான்: “பல வருடமாகப் பல் டாக்டர் பக்கமே போகவில்லை. அந்த நாற்காலியில் சாய்ந்தாலே கை கால் நடுங்குகிறது. இப்போது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தாக வேண்டும், இன்னொன்றுக்கு ரூட் கேனால். தூங்க வைத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட முடியுமா? ஆபத்து உண்டா?”

முடியும். ஆனால் தூங்க வைப்பது என்பது இருப்பதிலேயே கடைசிப் படி, அதற்கு முன்னால் மூன்று படிகள் இருக்கின்றன. உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த முன் படிகளில் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. நான் பல் மருத்துவர், பயத்தோடு வருபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எந்த மருந்து என்று யோசிப்பதற்கு முன்னால், எதற்குப் பயம் என்று பிரித்துப் பாருங்கள். எல்லோரும் “பயம்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், உள்ளே போய்க் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. சிலருக்கு ஊசி. சிலருக்கு டிரில் சத்தம். சிலருக்கு வாயில் தண்ணீர் தேங்கும்போது மூச்சு முட்டுவது போல் இருக்கும், சிலருக்குக் கண்ணாடியை நாக்கில் வைத்தாலே குமட்டும். இன்னும் சிலருக்குச் சின்ன வயதில் சரியாக மரத்துப்போகாமலே பல்லைப் பிடுங்கிய நினைவு. ஊசிக்குப் பயப்படுபவரிடம் போய் கை நரம்பில் (ரத்தக்குழாயில்) ஊசி போட்டு அமைதிப்படுத்துகிறேன் என்றால் அவர் அங்கேயே எழுந்து போய்விடுவார், அவருக்கு மூக்கு வழியாகச் சுவாசிக்கும் சிரிப்பு வாயு நல்லது. மூக்கின் மேல் எதையாவது வைத்தாலே மூச்சடைப்பதாகத் தோன்றுகிறவருக்கு வாயு சரிப்படாது. தன் கட்டுப்பாடு போய்விடுமோ என்று பயப்படுகிறவருக்கு ஆழ்ந்த மயக்கம் கூடுதல் பயத்தைத்தான் கொடுக்கும். குமட்டல்காரருக்கு வாயு பெரும்பாலும் அருமையாகக் கைகொடுக்கும்.

பயத்தை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கும், டிரில் செய்யப் போகிறார்கள் என்றால், பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 25. 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் மருத்துவர் இதைக் கேட்காவிட்டாலும் நீங்களே போட்டுப் பார்த்து அந்த எண்ணை அவரிடம் சொல்லலாம். “ரொம்பப் பயம்” என்பதைவிட “22, அதில் ஊசிக்கு மட்டும் 5” என்பது எங்களுக்கு எவ்வளவோ உதவும்.

அடுத்து, பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். அமைதிப்படுத்தும் மருந்துகள் பயத்தைக் குறைக்கும், ஆனால் பல்லின் வலியைத் தடுக்கும் வேலையை அவை செய்யாது. வாயுவுக்கு மட்டும் ஓரளவு வலி குறைக்கும் குணம் உண்டு, அதுவும் பல் பிடுங்கப் போதாது. ஆகவே எந்த வழியில் போனாலும் மரத்துப்போகும் ஊசி உண்டு, அதைப் போடும் நேரத்தில் நீங்கள் பதற்றமில்லாமல் இருப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“எனக்கு மரக்கவே மரக்காது” என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடும், அங்கே மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. கீழ்க் கடைவாயில் எலும்பு வேறு கெட்டியானது, பல்லுக்குப் பக்கத்தில் போட்டால் மருந்து ஊடுருவாது என்பதால் தாடையின் பின்பக்கம் நரம்பு நுழையும் இடத்தைக் குறிவைத்துப் போட வேண்டும், அது ஆளுக்கு ஆள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். இதற்கெல்லாம் வழி இருக்கிறது: இன்னும் பத்து நிமிடம் காத்திருப்பது, ஆர்ட்டிகெய்ன் போன்ற வேறு மருந்தைக் கூடுதலாகப் போடுவது, பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் உள்ள நாரிலேயே ஒரு சொட்டு செலுத்துவது. முன்பு உங்களுக்கு வலித்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேலையைத் தொடங்கும் முன் குளிர்ச்சி வைத்துப் பார்த்து மரத்திருக்கிறதா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். உங்கள் பயத்தின் வேர் அந்தப் பழைய வலிதான் என்றால் மயக்கமே தேவைப்படாமல் போகலாம்.

இன்னொன்று: அந்த ஊசி மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், 80,000-க்கு ஒரு பங்கு, அல்லது ஒரு லட்சத்துக்கு ஒரு பங்கு. அது ரத்தத்தில் கொஞ்சம் சேர்ந்தாலும் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும். ஏற்கெனவே பயந்திருப்பவர் இதை மாரடைப்பு என்றோ அலர்ஜி என்றோ நினைத்துக்கொள்வார், அப்புறம் வாழ்நாள் முழுக்க “எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது” என்பார். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். மெதுவாக, நிமிடத்துக்கு 1 மில்லி என்ற வேகத்தில் போட்டால் ஊசியின் வலியும் குறையும், ஈறைத் துடைத்து உலரவைத்து மரப்பு ஜெல் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் குத்துவதும் பெரிதாகத் தெரியாது. “மெதுவாகப் போடுங்கள்” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் படி நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பு வாயு என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல் மருத்துவத்தோடு இதன் உறவு மிகப் பழையது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் இந்த வாயுவைச் சுவாசித்துக்கொண்டு தன் பல்லையே இன்னொரு பல் மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். இன்று அதே வாயுவை ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கிறோம். எவ்வளவு கூட்டினாலும் நைட்ரஸ் 70 சதவீதத்தைத் தாண்டாதபடியும் ஆக்சிஜன் 30-க்குக் கீழே போகாதபடியும் இயந்திரத்திலேயே தடுப்பு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும்.

எப்படி இருக்கும் என்றால், மூக்கின் மேல் மட்டும் ஒரு மென்மையான மூடி வைப்பார்கள். முதலில் வெறும் ஆக்சிஜன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாயு. மூன்று நான்கு நிமிடத்தில் விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் லேசாகக் கூசும், கால்கள் கனமாகவோ மிதப்பது போலவோ இருக்கும், அறையில் பேசுகிற சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேட்கும். ஊசியைப் பார்ப்பீர்கள், ஆனால் அது யாருக்கோ போடுவது போலத் தோன்றும். கேட்டால் பதில் சொல்வீர்கள். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, வியர்க்கிறது என்றால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே கையைத் தூக்குங்கள், குறைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். முடிந்ததும் ஐந்து நிமிடம் தனி ஆக்சிஜன் கொடுத்து எழுப்புவார்கள். சீக்கிரம் தெளிந்துவிடும், இதுதான் இதன் பெரிய பலம்.

சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் வாயு உள்ளே போகாது, அன்று தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்போம். வைட்டமின் பி12 குறைபாடு இருந்தால் சொல்ல வேண்டும், இந்த வாயு அந்த வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். அண்மையில் விழித்திரை அறுவை செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருப்பவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, குமிழி விரிந்து அழுத்தம் கூடிப் பார்வையே போகலாம். இது அபூர்வம்தான், ஆனால் கண் அறுவை பற்றிப் பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது படி மாத்திரை. டயசெபம், லோரசெபம், ட்ரையசோலம் போன்றவை. வசதியானது, ஊசி இல்லை, கருவி இல்லை. இதன் குறை என்னவென்றால் அளவை ஆளுக்கேற்ற மாதிரி நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடியாது. விழுங்கிய மாத்திரை எப்போது எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பது வயிறு, கல்லீரல், மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒருவர் அரை மணியில் சொக்கிப்போவார், இன்னொருவர் ஒரு மணி நேரம் கழித்தும் கண்ணை அகலத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். “ஒன்றும் ஆகவில்லையே” என்று தானாக இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொள்வதுதான் இதில் நடக்கும் மோசமான காரியம், இரண்டும் ஒன்றாக ஏறும்போது மூச்சு மட்டுப்படலாம். வீட்டில் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள், அதைச் சொல்லாமல் மறைப்பது இன்னும் மோசம்.

ட்ரையசோலம் சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும், டயசெபமும் அது உடைந்து உண்டாகும் பொருளும் நாள்கணக்கில் தங்கும், மறுநாளும் மந்தமாக இருக்கலாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சில பூஞ்சைக் கொல்லி மாத்திரைகள், டில்டியாசெம் என்ற இதய மாத்திரை, கிரேப்ஃப்ரூட் சாறு இவையெல்லாம் ட்ரையசோலம், மிடசோலம் போன்றவற்றை உடல் உடைப்பதைத் தடுத்து விளைவைப் பல மடங்கு கூட்டிவிடும். பல் வீக்கத்துக்காக ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் அதன் பெயரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது படி நரம்பு வழியாக, அதாவது கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக. உங்கள் மாதிரிக் கடும் பயத்துக்கும், ஒரே அமர்வில் நிறைய வேலை முடிக்க வேண்டும் என்பவர்களுக்கும் இது மிக நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலும் மிடசோலம். கையில் சின்னக் குழாய் போட்டு ஒரு மில்லிகிராம் கொடுப்பார்கள், ஓரிரு நிமிடம் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். இமை கனத்துக் கீழே இறங்கும், பேச்சு இழுபடும், அங்கே நிறுத்திவிடுவார்கள். வயதானவர்களுக்கு இன்னும் குறைவாக, இன்னும் மெதுவாக. மாத்திரையில் கிடைக்காத துல்லியம் இங்கே கிடைக்கிறது.

இந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு, போட்ட பிறகு நடப்பவை நினைவில் பதியாது. பல்லை எடுத்துத் தையலும் போட்டுப் பஞ்சைக் கடிக்க வைத்த பிறகு, “எப்போது ஆரம்பிப்பீர்கள் டாக்டர்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் வேலை நடக்கும்போது அவர் முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார், வாயைத் திற என்றால் திறப்பார், இந்தப் பக்கம் திரும்பு என்றால் திரும்புவார். மிகச் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும், அமைதிக்குப் பதில் படபடப்பும் பிதற்றலும் வந்துவிடும், அப்போது நிறுத்திவிட வேண்டும். கையில் குத்துவதுதான் பயம் என்றால் ஒரு மணி நேரம் முன்பே மரப்பு கிரீம் தடவி மூடிவைக்கலாம், அல்லது முதலில் வாயு கொடுத்துவிட்டு அப்புறம் குழாய் போடலாம். இரண்டுமே நன்றாக நடக்கும்.

ப்ரொபோஃபால் போன்ற இன்னும் வலுவான மருந்துகளுக்கு மயக்கவியல் மருத்துவர் கூடவே இருக்க வேண்டும். கடைசிப் படியான முழு மயக்கம் என்றால் நினைவே இருக்காது, மூச்சுக்குழாயில் குழாய் போட்டுச் சுவாசத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மருத்துவமனை அளவு வசதி வேண்டும். மற்ற எதற்கும் ஒத்துழைக்க முடியாதவர்கள், மிகச் சிறு குழந்தைகளுக்கு நிறையப் பற்கள், ஆழமான ஞானப்பல் அறுவைகள் இவற்றுக்கு அது சரி. ஒரு பல்லுக்காக அங்கே போக வேண்டியதில்லை.

இனி ஆபத்து. ஆரோக்கியமான ஒருவருக்கு, பயிற்சி பெற்றவர் கையில், இவை பாதுகாப்பானவை. தவறு நடந்தால் பெரும்பாலும் மூச்சில்தான் தொடங்கும். மயக்கம் எதிர்பார்த்ததைவிட ஒரு படி ஆழமாகிவிட்டால் நாக்கு பின்னால் சரியும், மூச்சு மட்டுப்படும், அதே வாயில்தான் தண்ணீரும் ரத்தமும் கருவியும். மற்ற அறுவைகளில் மூச்சுப் பாதை தனியாக இருக்கும், இங்கே பல் மருத்துவரும் நோயாளியின் மூச்சும் ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அதனால் எந்த மருந்து என்பதைவிட, வேலை நடக்கும்போது உங்கள் மூச்சை யார் கவனித்துக்கொண்டிருப்பார் என்பதே பெரிய கேள்வி. குனிந்து பல்லைப் பிடுங்குகிறவரே அதையும் பார்த்துக்கொள்வார் என்றால் அங்கே நரம்பு வழி மயக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கென்றே பயிற்சி பெற்ற இன்னொருவர் அறையில் இருக்க வேண்டும். விரலில் ஆக்சிஜன் மானி, கையில் ரத்த அழுத்தப் பட்டை, முடிந்தால் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி. கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு மட்டுப்பட்டாலும் விரல் மானி சிறிது நேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், கார்பன் டை ஆக்சைடு கருவி முன்பே காட்டிக்கொடுக்கும்.

மயக்க மருந்தின் விளைவை முறிக்கும் மாற்று மருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஓபியாய்டு வகை வலி மருந்து சேர்த்திருந்தால் அதற்கு நலாக்ஸோன். ஃப்ளூமசெனிலின் வேலை மிடசோலத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அதைக் கொடுத்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மறுபடி சொக்கிப்போகலாம். இப்படியெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். முறையாகச் செய்பவர் இந்தக் கேள்விகளுக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார், கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் பக்கம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: சத்தமாகக் குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா, உடல் பருமன், ஆஸ்துமா, கல்லீரல் கோளாறு, தினமும் போடும் தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, குடிப்பழக்கம், கர்ப்பம். குறட்டையைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், மயக்கம் கொடுப்பவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

குழந்தைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் படிக்கிற பெற்றோர்களுக்காக ஒரே ஒரு விஷயம். குழந்தைக்கு அமைதி மருந்தை வீட்டிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். எடைக்குக் கணக்கிட்ட மருந்து, கண்காணிக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் கொடுக்கப்பட வேண்டும். திரும்பும் வழியில் குழந்தை தூங்கினால் தலை முன்னால் தொங்கி மூச்சு அடைபடாமல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

மாத்திரையோ நரம்பு ஊசியோ என்றால் பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட வந்து, வீடு சேர்த்து, அன்று இரவு வரை உடன் இருக்க வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, அடுப்பு வேண்டாம், எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம், மது கூடவே கூடாது. தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றும், அந்த நினைப்பை நம்ப வேண்டாம். நரம்பு வழி மயக்கத்துக்கு வழக்கமாக ஆறு மணி நேரம் திட உணவும் இரண்டு மணி நேரம் தண்ணீரும் இல்லாமல் வரச் சொல்வார்கள், சர்க்கரை நோய் இருந்தால் அன்று மருந்தை எப்படி எடுப்பது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உதடு மரத்திருக்கும்வரை சூடாக எதையும் குடிக்காதீர்கள், கடித்துக்கொள்வதும் தெரியாது, சுட்டுக்கொள்வதும் தெரியாது.

உங்கள் விஷயத்துக்கு என் யோசனை: முதல் சந்திப்பில் எந்த வேலையும் வேண்டாம் என்று சொல்லியே நேரம் வாங்குங்கள். பேச்சு, எக்ஸ்ரே, அவ்வளவுதான். கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டரோடு பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள், அதை அவர் மதிக்கிறாரா என்று சின்ன வேலையில் பாருங்கள். பல் எடுப்பதை நரம்பு வழி மயக்கத்தில் முடித்துக்கொள்ளலாம், அதே அமர்வில் ரூட் கேனாலின் முதல் கட்டத்தையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மீதி ரூட் கேனாலை வாயுவில் முயன்று பாருங்கள், பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டியிருந்தால் வாயில் தண்ணீர் இறங்காது, மூக்கால் மூச்சுவிடுவதும் தானாக வரும்.

அதற்கு அடுத்த முறை, பல் சுத்தம் செய்ய மட்டும் போகும்போது, எதுவுமே இல்லாமல் முடிகிறதா என்று பார்க்கலாம். மயக்கத்தில் நடந்தது நினைவில் நிற்காது என்பதால் “சமாளித்துவிட்டேன்” என்ற அனுபவமும் மனதில் சேராது, ஒவ்வொரு முறையும் பயம் முதலில் இருந்தே தொடங்கும். அந்தப் பயத்தையே குறைக்க வேண்டும் என்றால் மனநல ஆலோசகரிடம் செய்துகொள்ளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பல் பயத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, சில அமர்வுகளிலேயே பலனும் தெரிகிறது. ஆனால் வீங்கி வலிக்கிற பல் அதுவரை காத்திருக்காது. முதலில் அதை மயக்கம் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள், ஆலோசகரைப் பிறகு பார்க்கலாம்.